தலையணையில் ஒட்டிய கறுப்பு

என் வீட்டுக்காரர் தலையில் முதல் நரையைப் பார்த்தது நான்தான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது இடது காதுக்கு மேலே நாலைந்து முடி வெள்ளிக் கம்பிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. "பிடுங்கிடட்டுமா?" என்றேன். "விடு, அதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள் முடியப்போகிற சமயம், நெற்றிக்கு மேலே விபூதி தூவினாற்போல் ஆகிவிட்டது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். இரண்டு அறை, கிணற்றடியில் தகரக் கதவு போட்ட குளியலறை. நான், அவர், அவரைப் பெற்ற என் மாமியார், எங்கள் ஐந்து வயது மகள். அவருக்குத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில், கல்யாணப் பட்டு விற்கிற இடத்தில் வேலை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இவரும் அந்தப் பக்கம்தான். ஊர்க்காரப் பிள்ளை என்று பதினெட்டு வயதில் சேர்த்துக்கொண்டவர், ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஏ தம்பி, கல்யாணப் பொண்ணு முன்னால சேலைய விரிக்கிறவன் நீ. அவ நிமிந்து பாத்தா நரைச்ச மண்டையா தெரியணும்? மங்கல காரியத்துக்கு வந்தவ மனசுல என்ன தோணும்? மை தடவுதியோ, என்ன செய்தியோ. இல்லன்னா குடோனுக்குப் போயிரு."

குடோன் என்றால் ஜன்னல் இல்லாத அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு மூட்டை கட்டுகிற வேலை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார், வாய்க்குப் போகவில்லை. சேலையை விசிறி மடிப்பாக ஒரே வீச்சில் விரிப்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை ஒன்றுதான் அவருக்கு இருந்த சொத்து.

தலைக்குச் சாயம் போடுவதென்று முடிவானது. ஆனால் என் மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். காரணம் இருந்தது. முன்கட்டுக்கு வந்துபோகிற ஒரு மனிதர் சாயம் போடுவதைப் பார்த்து அத்தை சொன்னதை நாங்கள் இருவருமே கேட்டிருந்தோம். "பெத்தவ தல பஞ்சா வெளுத்துக் கெடக்கு, புள்ளைக்கு மையா? வயசு குடுக்கிறவன் சாமி. அதைக் கரி பூசி மறைக்கிறதுக்கு இவன் என்ன கூத்தாடிப் பயலா?"

அத்தை வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்குப் போவார். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஐந்தரைக்குத்தான் திரும்புவார். கடைக்கும் செவ்வாய்தான் விடுமுறை. வேறு நாள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. செவ்வாயில் நாங்கள் நகம்கூட வெட்ட மாட்டோம். ஆத்தாளுடைய நாள். அன்றைக்குப் பார்த்து, அத்தை அவளைக் கும்பிடப் போன நேரத்தில், நான் தகரக் கதவைச் சாத்திக்கொண்டு என் புருஷன் தலையில் கறுப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் தடவையே தப்பு என்று பட்டது. சொல்லவில்லை.

பாண்டி பஜாரில் வாங்கிவந்த பெட்டியில் இரண்டு சின்ன பாட்டில் இருக்கும். ஒன்றில் கெட்டியான கறுப்பு, மற்றதில் தண்ணீர் மாதிரி ஒன்று. காது உடைந்த கோப்பையில் இரண்டையும் கலந்தால் நுரைக்கும். அந்த வாடை மூக்கில் ஏறி நடு உச்சியில் குத்தும். பழைய பல் பிரஷால், சீப்பின் முனையில் வகிடு பிரித்துப் பிரித்து, வேரிலிருந்து தொடங்கித் தடவ வேண்டும். நெற்றியில் கறை பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய். பிறகு அரை மணி நேரம் அவர் முக்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, ஜபம் செய்கிறவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பார். கழுவினால் கறுப்பு ஓடி, கல்லில் ஒரு திட்டு விழுந்தது. எத்தனை தேய்த்தும் அது போகவில்லை. கரித்தூள் கொட்டிவிட்டது என்று அத்தையிடம் பொய் சொன்னேன்.

முன்கட்டில் இருந்த வீட்டுக்கார மாமி கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். "ஏண்டிம்மா, உங்காத்துக்காரருக்கு வயசு கொறஞ்சுண்டே போறதே! போற போக்கைப் பாத்தா அடுத்த வருஷம் உபநயனம் பண்ணி வைக்கணும் போலருக்கு" என்று சிரித்தார். அத்தை பக்கத்தில்தான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "எம்புள்ளை எண்ணெ தேய்க்கான், அதான் மினுமினுங்குது" என்றார் பெருமையாக. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நழுவினேன்.

நரையை மறைப்பது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பத்தாம் நாளே வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும். கறுப்புக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு, வேட்டிக் கரைபோல. முழு நரையைவிட அது அசிங்கம். காலையில் கிளம்பும்முன் விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, காதோரமும் நெற்றியோரமும் விரலால் தொட்டு விடுவேன். வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவாரா, வியர்வையோடு அது இறங்கிச் சட்டைக் காலரில் கறுப்பாக வழியும். ஒரு நாள் சேலை விரிக்கும்போது ஒரு சொட்டு மஞ்சள் பட்டில் விழுந்துவிட்டதாம். அதற்கப்புறம் கரி வேண்டாம், சாயமே அடிக்கடி போடு என்றார். மாதம் ஒன்று என்பது மூன்று வாரமாகி, இரண்டு வாரமாகியது.

உடம்பு முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. இரண்டாம் தடவை தலை அரித்தது. சீயக்காய் சரியில்லை என்றோம். நாலாம் தடவை காதுக்குப் பின்னால் தடித்துச் சிவந்தது; துண்டு உப்புத் தண்ணீரில் துவைத்தது என்றோம். அதற்கடுத்த தடவை, மறுநாள் காலையில் கண் இமை இரண்டும் பொம்மென்று இருந்தது. "ராத்திரி கொசு" என்றார். ஒரே ராத்திரியில் இரண்டு இமையிலும் சரிசமமாகக் கடிக்கிற கொசு எது என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. மத்தியானம் வீக்கம் வடிந்துவிட்டதாம். கேள்வியும் வடிந்துவிட்டது.

அந்த வருஷம் சித்திரை வெயில் கொடுமை. குழாயில் காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர், கிணறு சேறு. அடுத்த தெருவில் இரண்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். கார்ப்பரேஷனிலிருந்து அம்மை குத்துகிறவர் பையும் கையுமாகத் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தார். பெரியம்மை என்று தெரிந்தால் வண்டியில் ஏற்றித் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பேச்சு. வைகாசி முகூர்த்தம் நெருங்கியதால் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம்.

அந்தச் செவ்வாய் அவர் இரண்டு பெட்டி வாங்கிவந்தார். "இந்த தடவை நல்லா வேர் வரைக்கும் ஏத்து. ரெண்டு வாரத்துக்கு நான் தலையைத் தொடக்கூடாது" என்றார்.  அம்பாள் பேரைச் சொல்லிக்கொண்டே தடவினேன். அரை மணி ஆகியும் வெள்ளை தெரிகிறதே என்று இன்னொரு அரை மணி உட்கார்ந்தார். அப்போது பார்த்து வெளியே அத்தையின் இருமல் கேட்டது. கோயிலில் கூட்டம் என்று சீக்கிரமே திரும்பிவிட்டார். அண்டாவில் இருந்தது இரண்டு செம்புத் தண்ணீர். அதை ஊற்றி, பாதி கழுவியும் கழுவாமலும் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் வெளியே வந்தார். கோப்பையை நான் முந்தானையில் மறைத்தேன்.

மறுநாள் காலை அவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நெற்றி முன்னால் தள்ளிக்கொண்டு, கண் இரண்டும் கீறல் மாதிரி ஒடுங்கியிருந்தது. நெற்றியோரம், காது, பிடரி முழுக்கப் பொடிப்பொடியாக நீர்க் கொப்புளம். அத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அப்படியே தரையில் விழுந்தார்.

"எந்தாயீ, வந்துட்டியா! எம்புள்ளை மேலயா எறங்கினே? குளுந்துபோ தாயி, குளுந்துபோ."

அடுத்த கால் மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. மகளை அடையாறில் இருந்த என் அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, மருந்து என்ற பேச்சே கூடாது. முத்து இறங்கி ஏழாம் நாள் முதல் தண்ணீர் விடும்வரை தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. ஒரு செம்பில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் நிறைத்து, அவர் தலைமாட்டில் ஆத்தாளாகவே வைத்துக் கும்பிட்டார் அத்தை.

சாயம் அவர் தலையிலேயே இருந்தது.

எனக்குத் தெரியும், தெரியாது என்று இரண்டும் சொல்ல வேண்டும். கையால் தடவியவள் நான். ஆனால் செவ்வாய்க்கிழமை, அவளுடைய நாளில், அவள் வெயில் காலத்தில் ஊரில் நடமாடும்போது செய்தோம். கோபித்துக்கொண்டு வந்தே இருக்கலாம் அல்லவா? அம்மை வந்த வீட்டில் "இது அம்மை இல்லை" என்று வாய் திறந்தால் ஆத்தாள் கண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் அப்படி ஒரு கண் வெள்ளையாகப் போன பெண்ணைச் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். சொன்னால் அவர் கண் போகும் என்று ஒரு பயம். சொல்லாவிட்டாலும் போய்விடுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தையிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்கக் குனிந்தால், அவர் வீங்கிய உதட்டின் மேல் விரலை வைப்பார். சொல்லாதே என்று.

இரண்டாம் நாள் கொப்புளம் உடைந்து கசிந்தது. தலையணை உறை காலையில் கறுப்பும் மஞ்சளுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கும்போது "அம்மா" என்று முனகினார். அத்தை ஓடிவந்தார். "ஆத்தாளைத்தான் கூப்பிடுதான்" என்று கண்ணீர் விட்டார். உறையை நான் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மூன்றாம் நாள் காலையில் அவர் கையை நீட்டிக் காற்றில் துழாவினார்.

"வெளிச்சம் வந்துட்டா?" என்றார்.

வெயில் அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

அன்று பத்து மணி இருக்கும், அம்மை குத்துகிறவர் வந்து நின்றார். வாசல் வேப்பிலையைப் பார்த்தே வந்திருக்கலாம். அத்தை வழியை மறித்தார். "இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. போயிரும்."

"ஒண்ணும் இல்லாமயா பாட்டி வேப்பல கட்டிக்கினு கீறே? நான் ஒண்ணும் புட்ச்சிக்கினு போவ மாட்டேன். ஒரு தபா பாத்துட்டுப் போய்க்கினே இருக்கேன்."

செருப்பைக் கழற்றி, வாசலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்தக் கும்பிடால்தான் அத்தை விலகினார். வந்தவர் என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டார். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால், சட்டையைத் தூக்கி வயிறு, முதுகு.

"ஜொரம் கீதாம்மா?"

"இல்லை."

"மொத நாளு?"

"அப்பவும் இல்லை."

"கையில இல்ல, காலுல இல்ல, ஒடம்புல ஒண்ணுகூட இல்ல. தலைய சுத்தி மட்டும் கீது." குனிந்து காதுக்குப் பின்னால் பார்த்தார். "இருவது வருசமா அம்மை பாத்துக்கினு கீறேன். இந்த மாதிரி தொப்பி போட்டுக்கினு எந்த ஆத்தாளும் வந்ததில்லம்மா." விரலில் ஒட்டியதை வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பு. என்னைத்தான் பார்த்தார். "தலைல இன்னாத்த போட்டே?"

அத்தை என்னைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவர் விரலைத் தூக்கி உதட்டுக்குக் கொண்டுபோனார். கண் தெரியாததால் விரல் கன்னத்தில் போய் இடித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே என்னவோ அறுந்துவிட்டது.

"நான்தான் போட்டேன். சாயம். ஆறு மாசமா போடறேன். செவ்வாய்க்கிழமை, நீங்க கோயிலுக்குப் போனப்புறம்." கட்டிலுக்கடியிலிருந்து உறையை இழுத்து அத்தை முன்னால் போட்டேன். "இதுல இருக்கறது முழுக்க அதுதான். அவர் கண்ணு போயிடுச்சுன்னா அது என் கையால."

 அத்தை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உறையை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு தலைமாட்டுக்குப் போய், மூன்று நாளாகக் கும்பிட்ட அந்தச் செம்பைத் தூக்கினார். 

"அத்தை, ஏழு நாள்..." என்றேன் நான். அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ அவன் தலையப் பிடிட்டி."

மகனின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கறுப்பாக வழிந்தது. "இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா" என்று கத்தினார். மாமி முன்கட்டிலிருந்து தன் குடத்தையே தூக்கிக் கொடுத்தார். கடைசிக் குடம்வரை அந்தத் தண்ணீர் தெளியவே இல்லை.

ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வீக்கம் தொண்டைக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் முதல் வேலையாக முடியை எடுக்கச் சொன்னார். நாவிதர் கத்தியை வைத்தபோது, அத்தை விழும் முடியை முந்தானையில் பிடிக்கப் போனார், ஆத்தாளுக்குச் செலுத்தலாம் என்று. உடனே கையை இழுத்துக்கொண்டார். "வேண்டாம். மை ஏறின முடிய அவளுக்கு எப்படிக் குடுப்பேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அங்கேயே வேண்டிக்கொண்டார். கண் திரும்பி வந்தால், இனி முளைக்கிற நரைமுடியை அப்படியே வளர்த்து, அடுத்த வருஷம் ஆடியில் அம்மனுக்கு இறக்குவதாக.

பத்து நாளில் வலது கண் முழுசாகத் திறந்தது. இடது கண்ணில் ஒரு மூட்டம் நின்றுவிட்டது. சாயங்காலமானால் அந்தப் பக்கம் வருகிறவர்களை அவருக்குத் தெரியாது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "இது தடவைக்குத் தடவை ஏறும்மா. இன்னொரு தடவை போட்டா இங்க கொண்டுவர நேரம் இருக்காது."

அதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அத்தை அதன் பிறகு ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். 

மொட்டைத் தலையோடு கடைக்குப் போனபோது முதலாளி, "எந்தக் கோயில் தம்பி?" என்று மரியாதையாகக் கேட்டாராம். மொட்டை மங்கலம்தான். பட்டு விரிக்கத் தடையில்லை. ஆனால் முடி முளைத்தது. இந்த முறை கறுப்பு ஒன்றுகூட இல்லாமல், முழு வெள்ளையாக முளைத்தது. தை முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்க ஆட்கள் வரத் தொடங்கும்போது நாலு விரல்கடை வளர்ந்திருந்தது. ஆத்தாளுக்கு நேர்ந்த முடி; வெட்டவும் கூடாது. முதலாளி மறுபடியும் ஜாடையாகப் பேச ஆரம்பித்தார். இவர் மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, அவர் வேட்டி அடுக்குக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருந்தது. புதுசு. இரண்டு பாட்டிலும் மூடியில் ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தூக்கி எறியலாம், நாளைக்கே இன்னொன்று வாங்குவார், எனக்குத் தெரியாமல் தானே போட்டுக்கொள்வார். அத்தையிடம் சொல்லலாம், அந்த அம்மாள் இன்னொரு தடவை தாங்க மாட்டார். அழுதேன். பிறகு முகம் கழுவி, பாட்டில் இரண்டையும் ஈரத்துணியால் துடைத்து, பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்கு முன்னால், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுக்கிறதென்றால் அங்கிருந்து, அவள் பார்க்க எடுக்கட்டும்.

மறுநாள் காலை குளித்துவிட்டு விபூதிக்குக் கை நீட்டியவர், கையை அப்படியே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விபூதியை மட்டும் எடுத்தார். சாப்பிடும்போது, "இன்னிலேர்ந்து குடோனுக்குப் போறேன்னு முதலாளி அண்ணாச்சிகிட்ட சொல்லிடப் போறேன்" என்றார். இன்னொரு தோசை போட்டேன். சாப்பிட்டார்.

ஆடியில் அந்த வெள்ளை முடியை இறக்கினோம். அத்தையே மடியில் வாங்கிக்கொண்டு போய்ச் செலுத்தினார். அதோடு நேர்ச்சை தீர்ந்தது. அடுத்து முளைத்த முடி யாருக்கும் நேர்ந்தது இல்லை. அதைக் கறுப்பாக்கிக்கொண்டு மறுபடி பட்டு விரிக்கப் போக அவருக்குத் தடையில்லை; அதுதான் என் பயம்.

எனக்கும் இப்போது வகிட்டோரம் வெளுத்துவிட்டது. இந்தக் காலத்துச் சாயம் ஒன்றும் செய்யாது, போட்டுக்கொள் என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம்.  அந்தப் பாட்டில்கள் இன்னும் பூஜை அலமாரியில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும்போது இரண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூடியில் ஒட்டிய காகிதத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்ப்பேன். கிழியவில்லை என்று தெரிந்த பிறகுதான் திரியை ஏற்றுவேன்.